கைலிப்பூவில் வெட்டிய ஒன்றரை அங்குலம்

மகனே, ஸலாம். இதை நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய், அதனால்தான் காகிதம். இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு, இன்னொன்று மருமகளுக்கு. உறையை ஒட்டவில்லை. வழியில் யார் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். மூடி வைத்து மூடி வைத்துத்தான் நான் இந்த நிலைமைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். கை நடுங்குவதால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். புரியாத இடத்தில் எனக்குப் போன் போடாதே, திரும்பப் படி.

நீ அனுப்பிய அழைப்பிதழ் செவ்வாய்க்கிழமை வந்தது. உழவர்கரையில் இருக்கிற இந்த வீட்டுக்கும் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வைட் டவுனில் நீ திறக்கப்போகும் ஓட்டலுக்கும் ஆட்டோவில் இருபது நிமிடம்தான். நேரில் கொண்டுவந்து கொடுக்க உனக்கு நேரமில்லை, கூரியரில் வந்தது. சரி, பாரிஸில் பத்து வருடம் ஓட்டல் வேலை பார்த்தவன், அங்கே அப்படித்தான் வழக்கமாக இருக்கும். அட்டை நல்ல அட்டை. அதில் குறை சொல்ல மாட்டேன், அட்டையும் கண்ணாடியும்தானே எனக்குத் தெரிந்த உலகம். முன்பக்கத்தில் நம் ஹாலில் முப்பது வருடத்துக்கு மேல் தொங்கிய வாட்டர்கலர் படத்தைப் போட்டிருக்கிறாய். மாமரக் கிளையில் தொற்றிக்கொண்டு இரண்டு கொத்தாகப் பூத்திருக்கும் காட்டு ஆர்க்கிட். உன் அம்மாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுவாரம், "அத்தா, இது சும்மா இங்க தொங்கறதுக்கு என் ஓட்டல்ல இருந்தா நாலு பேர் பார்ப்பாங்க" என்று கழற்றி எடுத்துப் போனாயே, அதே படம்.

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பெயர். மதாம் எலோயீஸ், பிரெஞ்சு ஓவியர். உள்ளே ஒரு பக்கம் முழுக்க அவளுடைய வாழ்க்கை வரலாறு. கப்பலில் வந்து இறங்கினாளாம். காடு காடாக அலைந்து ஆர்க்கிட்களைத் தேடி வரைந்தாளாம். துணை என்று ஒருவரும் இல்லாமல் இந்த ஊரிலேயே தனியாக வாழ்ந்தாளாம். கடைசிப் படத்தை ஓர் எளிய ஃபிரேம் கடைக்காரரிடம் நன்றியோடு கொடுத்தாளாம். அந்த எளிய கடைக்காரர் நான்தான் என்று எனக்கே இரண்டாவது முறை படித்தபோதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நான் வந்து ரிப்பன் வெட்டி, அந்த மதாமைப் பற்றி வந்திருப்பவர்களிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று போனில் சொன்னாய். "நீங்கதான் அத்தா சாட்சி. நேர்ல பார்த்தவங்க வேற யாரு இருக்காங்க?" என்றாய்.

சாட்சிதான். அதனால்தான் எழுதுகிறேன். எலோயீஸ் என்று ஒருத்தி இந்த ஊரில் இருந்ததில்லை. அந்தப் படத்தை வரைந்தது உன் அம்மா.

கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது, பெண்டாட்டி போன துக்கத்தில் உளறுகிறான் என்று மருமகளிடம் சொல்லிவிடாதே. எனக்குக் கைதான் நடுங்குகிறது, தலை நன்றாக இருக்கிறது. ஒரு மதாம் இருந்தது உண்மை. நீ பிறப்பதற்கு முன்னால் கடைக்கு வருவாள். அவள் ஒரு கோடுகூட வரைந்து நான் பார்த்ததில்லை. அவளிடம் இரண்டு நாய்கள் இருந்தன, அவற்றின் போட்டோவுக்கு மாதம் ஒரு ஃபிரேம் போட்டு வாங்குவாள். ஏதோ ஓவிய வகுப்பில் சேரப்போவதாக அவள் ஊரிலிருந்து கனமான தாள் ஒரு கட்டு வரவழைத்தாள். வகுப்புக்கும் போகவில்லை, தாளையும் பிரிக்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது, "மிசியே, உங்களுக்கு உதவும்" என்று என் கடையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை. நீ காடு காடாக அலையவிட்ட ஓவியரின் நிஜக் கதை இவ்வளவுதான்.

இனி உன் அம்மாவின் கதை. உனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்தது. கோரிமேடு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் கிடந்தாய். உனக்கு ஊசி ஞாபகம் இருக்கும், கசப்பு மாத்திரை ஞாபகம் இருக்கும். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் போட்டு இருபத்தாறு நாளும் உட்கார்ந்திருந்தவளை ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் காலையில் பஸ்ஸில் வந்து சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டு, அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கடைக்கு ஓடிவிடுவேன். கடையைப் பூட்டியிருக்கலாம், பூட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மாமரம். அதில் கிளை பிரிகிற இடத்தில் வெள்ளைக் கயிறு மாதிரி வேரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு செடி. இரண்டாவது வாரத்தில் அது பூத்தது. பழுப்பு மஞ்சளில் இதழ், அதன் மேல் கட்டம் கட்டமாகக் காவிக் கோடு, நடுவில் உதடு மாதிரி ஒரே ஓர் ஊதா இதழ். உன் வாயெல்லாம் புண். பேசவே முடியாதவன், அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, "அம்மா, அத்தா கைலி மாதிரி இருக்கு" என்றாயாம். மறுநாள் காலையில் நான் போனபோது உன் அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பத்து நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அதிலிருந்து அது உங்கள் இரண்டு பேருக்கும் கைலிப்பூ.

"ஏங்க, கடையில மதாம் உட்டுட்டுப் போன தாளு கிடக்குதே, அதுல ஒண்ணு எடுத்துட்டு வாங்க. இவன் ஸ்கூல் பெயிண்ட் டப்பாவையும் எடுத்துட்டு வாங்க" என்றாள். பிள்ளைக்கு விளையாட்டு காட்டத்தான் என்று நினைத்தேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் அவள். பிள்ளைகள் மாசேர் என்று கூப்பிடும் ஒரு கன்னியாஸ்திரி அவளுக்கு வாட்டர்கலர் சொல்லிக்கொடுத்திருந்தாள் என்பதை, கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அந்த வார்டில்தான் நான் கேள்விப்பட்டேன். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஒன்பது நாள் வரைந்தாள். உன் ஜுரம் ஏறினால் தூரிகையை வைத்துவிடுவாள், இறங்கினால் எடுப்பாள். உன் டப்பாவில் இருந்த ஊதா வெறும் சுண்ணாம்பு, அந்த உதட்டுக்கு ஒத்துவரவில்லை. உன் வாய்ப்புண்ணுக்கு நர்ஸம்மா பஞ்சில் தொட்டுத் தடவும் ஊதா மருந்து ஒரு சொட்டு வாங்கித் தண்ணீரில் கலந்து தீட்டினாள். வெயில் படாத சுவரில் தொங்கியதால்தான் அந்த நிறம் இன்றுவரை நிற்கிறது. நீ அதை உன் லாபியில் கண்ணாடிக் கதவுக்கு எதிரே மாட்டியிருப்பதாகப் போட்டோவில் பார்த்தேன். ஒரு கோடைக்குத் தாங்காது, இடம் மாற்று.

நீ வீடு திரும்பிய பிறகு படத்தின் கீழ் ஓரத்தில், கருப்பு மையில், மணி மணியான எழுத்தில் ஒரு வரி எழுதினாள். "கைலிப்பூ, கோரிமேடு. வரைந்தது ஜைத்தூன்." எழுதிக் காய்ந்ததும் சுருட்டி என் கையில் கொடுத்து, "நேரம் இருக்கறப்ப ஒரு ஃபிரேம் போட்டுக் குடுங்க" என்றாள். ஊரில் இருக்கிறவன் கல்யாணப் போட்டோவுக்கெல்லாம் ஒரே நாளில் ஃபிரேம் போட்டுக் கொடுத்தவன் நான். அவள் படம் எட்டு மாதம் கடை மூலையில் சுருண்டு கிடந்தது. வாரம் ஒருமுறை கேட்பாள். பிறகு மாதம் ஒருமுறை. அப்புறம் கேட்கவில்லை.

அப்போதுதான் ஒரு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர், மெடல் எல்லாம் என்னிடம்தான் ஃபிரேம் போட்டு வாங்குவார். அவர் வீட்டில் ஒரு பழைய படத்தைக் கரையான் தின்றுவிட்டது, தேக்குச் சட்டம் மட்டும் மிச்சம். அதை என் கடையில் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், மூலையில் கிடந்த சுருளைப் பிரித்தார். மேல் பாதியைத்தான் பிரித்தார், கீழ்ப் பாதி சுருண்டு அவர் கையிலேயே இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தாளுக்குள்ளேயே நீர்க்குறியாகப் பதிந்திருந்த பிரெஞ்சு எழுத்து தெரிந்தது. "இது ஃபிரான்ஸ் தாளாச்சே பாய். யாருது இது?" என்றார். "ஒரு மதாமோடதுங்க" என்றேன்.

மகனே, அவர் தாளைத்தான் கேட்டார், நானும் தாளைத்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன அந்த நொடியில் அது நிஜமாகக்கூட இருக்கலாம். அடுத்த நொடியில் இல்லை. அதுவரை காலண்டர் படத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், மதாம் என்றதும் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இதழ் இதழாகப் பார்த்தார். "பார்றா, என்னா கை. நம்ம ஆளுங்களுக்கு வருமா இது?" என்றார். வாயைத் திறந்து, ஐயா, இது என் வீட்டுக்காரி வரைந்தது என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நான் அவர் கையிலிருந்து சுருளை மெதுவாக வாங்கினேன், கீழ்ப் பாதி பிரியாதபடிக்கு. "இந்தச் சட்டத்துலயே போடு பாய், மதாம் படத்துக்குப் பொருத்தமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு மாதம் கிடைக்காத நேரம் அன்று மத்தியானமே கிடைத்தது. சட்டம் படத்தைவிட உயரத்தில் ஒன்றரை அங்குலம் சின்னது. உன் அம்மா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். தன் படத்தை மேஜையில் பார்த்ததும் அவள் முகம் எப்படி ஆனது என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை. கேரியரை வைத்துவிட்டு ஓடிவந்து, தாள் நகராமல் இருக்க ஸ்கேலின் ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். நான் கீழ் ஓரத்தில் ஸ்கேலை வைத்தேன். "ஏங்க, அங்க எழுதியிருக்கேனே" என்றாள். "சட்டம் பத்தாதும்மா. ஒன்றரை அங்குலம் போய்த்தான் ஆவணும்" என்றேன். அளவு உண்மைதான். ஆனால் படத்துக்கு மேலே இரண்டு அங்குலம் வெறும் தாள் இருந்தது. ஒரு பூ இல்லை, ஒரு இலை இல்லை. மேலே வெட்டியிருந்தால் ஒரு பொட்டு சேதம் இருந்திருக்காது. தொழில் தெரியாதவன்கூட மேலேதான் வெட்டுவான். அவள் ஸ்கேலைப் பிடித்திருந்த விரலை எடுத்துவிட்டாள். நான் கீழே வெட்டினேன்.

ஏன் என்று நீ கேட்பாய். நம் வீட்டுப் பெண்ணின் பெயரைக் கடையில் தொங்கவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தேன், அந்தக் காலம் அப்படி, என்று உனக்குச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அது பொய். அந்த நாலு பேரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எனக்குப் பொறாமை. இருபது வயதிலிருந்து அடுத்தவன் படத்துக்கு ஓரம் கட்டியவன் நான். நல்ல படம் எது என்று எனக்குத் தெரியும். என் கடைக்கு வந்த படங்களில் அதுதான் நல்ல படம். அதைப் பிள்ளையின் பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து, எனக்குச் சோறாக்கிப் போடுகிறவள் செய்துவிட்டாள். எவளோ ஒரு மதாம் செய்தாள் என்றால் என்னால் தாங்க முடிந்தது. இவ்வளவு அசிங்கமான காரணம் அது.

இரண்டு வருடம் போயிருக்கும். படத்தை முதலில் கடையில்தான் மாட்டியிருந்தேன். சொல்தா தன் சொந்தக்காரர் இரண்டு பேரை அதைக் காட்டக் கூட்டிவந்தார். நீ பள்ளி விட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். உன் அம்மாவும் இருந்தாள். அவர் மதாமைப் பற்றி நான் சொன்னதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ தலையைத் தூக்கி, "அது எங்க அம்மா வரைஞ்சது. நான் ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருந்தேன்ல, அப்ப" என்றாய். நான் சிரித்தேன். "சின்னப் பையன், எல்லாத்தையும் அம்மாதான் செஞ்சாங்கன்னு சொல்லுவான்" என்றேன். அவர்களும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாய். அவள் உன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே, "அத்தா சொல்றதுதாம்பா சரி" என்றாள்.

அன்றைக்கு உனக்குத் தெரிந்திருந்தது, மகனே. உனக்கு ஞாபகமறதி வந்ததாக நினைத்துக்கொள்ளாதே. உன்னிடம் இருந்ததை நான் பிடுங்கினேன், அவள் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். மூன்று பேரும் வீட்டுக்குப் போகிற வழியில் நீ மறுபடியும் கேட்டாய், "எதுக்குமா பொய் சொன்ன?" என்று. அவள் உன் பள்ளிப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பத்து வயதில் நீயே உன் நண்பர்களிடம் அது மதாம் படம் என்று சொல்வதை என் காதால் கேட்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் அழைப்பிதழைப் படித்தபோது உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யாரைக் கேட்டு இந்த எலோயீஸைப் பெற்றெடுத்தான் என்று அட்டையை விசிறினேன். அப்புறம் எழுந்துபோய் நானே பொறுக்கி எடுத்தேன். நான் போட்ட விதை, நீ பெயர் வைத்திருக்கிறாய். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு விஷயத்தில் நீ தவறவும் இல்லை. துணையில்லாமல் தனியாக வாழ்ந்தாள் என்று எழுதியிருக்கிறாயே, அது சரி.

அதன் பிறகு அவள் வரையவில்லை. உன் பெயிண்ட் டப்பாவைத் திரும்பப் பள்ளிப் பையில் வைத்துவிட்டாள். மதாமின் தாள்கட்டு பரணில் கிடந்து பழுப்பேறியது. ஒருமுறை நான், பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி, "வேணும்னா எடுத்து ஏதாவது வரையேன்" என்றேன். "யாரு பேருல?" என்று கேட்டாள். குரல்கூட உயரவில்லை. அதற்குப் பிறகு கடையிலிருந்து படத்தைக் கழற்றி வீட்டு ஹாலில் மாட்டினேன். அவளுக்குச் செய்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர்களெல்லாம் கேட்பார்கள், நான் மதாம் கதையைச் சொல்வேன், அவள் டீ கொண்டுவந்து வைப்பாள்.

வெட்டிய துண்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் படத்தைச் சட்டத்தில் அடைத்து முடித்ததும் அவள் கேட்டாள், "அந்தத் துண்டு எங்க?" என்று. "குப்பையில போச்சு" என்றேன். அவள் குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினாள். கண்ணாடிச் சில்லும் அட்டைத் துணுக்கும் கலந்த கூடை, விரலில் கீறல் பட்டது. கிடைக்கவில்லை. கிடைக்காது. எங்கள் தொழிலில் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை நூல் என்போம். அன்று என் கை நிதானத்தில் இல்லை, இரண்டு நூல் அதிகமாக வெட்டிவிட்டேன். சட்டத்துக்குள் படம் கீழே இறங்கி ஆடியது. இப்படி ஆடினால் கைக்கு அகப்பட்ட தாள் துண்டை மடித்துச் செருகுவது வழக்கம். கைக்கு அகப்பட்டது அந்தத் துண்டுதான். அவள் பெயரை நீளவாக்கில் மடித்து, அவள் படத்துக்குக் கீழேயே அடைப்பாகச் செருகி, பலகையை வைத்து ஆணி அடித்துவிட்டேன். வெட்டியதும் கை கழுவப் போனவள் திரும்பி வந்து கேட்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கழற்றி எடுத்துக் கொடுத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை. எடுத்துக் கொடுத்தால் குப்பையில் போனதாகச் சொன்னது பொய் என்று ஆகும், அதை ஒத்துக்கொண்டால் மேலே வெட்டியிருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும். போன வருடம் அவளை மறுபடியும் கோரிமேட்டில் சேர்த்தபோது நீ பாரிஸில் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் இருந்தாய். ஒருநாள் அவள் என்னிடம், "அந்த மாமரம் இருக்குதான்னு பார்த்துட்டு வாங்க" என்றாள். போய்த் தேடினேன். மரம் இருந்தது, செடி இல்லை. வந்து சொன்னேன். "அந்தத் துண்டு குப்பைக்குப் போவாம இருந்திருந்தா, அதையாச்சும் வெச்சிருப்பேன். என் எழுத்து நல்லா இருந்துச்சுல்ல?" என்றாள். "நல்லா இருந்துச்சு" என்றேன். ஒன்பதாம் நாள் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, ஹாலில் அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் கட்டில் போட்டோம். அவள் தலைக்கு மேலே நாலடி தூரத்தில் அந்தத் துண்டு இருந்தது. குப்பையில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே மௌத்தானாள்.

புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அத்தா என்ற முறையில் ஒன்றே ஒன்று. உன் அழைப்பிதழை மறுபடி எடுத்துப் பார். உன் பெயர் இருக்கிறது. பழைய வீட்டை ஓட்டலாகப் புதுப்பித்த இன்ஜினியர் பெயர் இருக்கிறது. வந்தவர்களுக்குக் கேக் சுடப்போகிறவர் பெயர்கூட இருக்கிறது. அந்த வீட்டின் ஒவ்வொரு சுவருக்கும் நிறம் பார்த்து, பழைய கதவுகளைத் தேடி அரியாங்குப்பம் வரைக்கும் அலைந்து, சுண்ணாம்புத் தூசியில் இருமிக்கொண்டு நின்றவள் மருமகள். அவள் பெயர் எங்கே? அவள் கேட்கமாட்டாள். கேட்காதது பெருந்தன்மை என்று நானும் நினைத்திருந்தேன். வாரம் ஒருமுறை கேட்டு, மாதம் ஒருமுறை கேட்டு, பிறகு நிறுத்திவிட்டதுதான் அது என்று எனக்குத் தெரிய ஒரு மௌத் தேவைப்பட்டது. அவளுக்கு இந்தக் கடிதத்தின் பிரதி எதற்கு என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

இனி செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். கடையில் உட்காரக் கூச்சப்பட்டு என் தொழிலை நீ ஒருநாளும் கற்றுக்கொள்ளவில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். ஒரு போர்வையை விரித்து, கண்ணாடி கீழே இருக்கும்படி படத்தைக் கவிழ்த்து வை. பின்னால் ஒட்டியிருக்கும் பழுப்புத் தாளை ஓரமாகப் பிளேடால் கீறு, தண்ணீர் தொடாதே. பதினான்கு ஆணி இருக்கும். ஒவ்வொன்றையும் குறட்டால் நேராக இழு, நெம்பினால் தேக்கு பிளந்துவிடும். பலகையைத் தூக்கியதும் கீழ் விளிம்பில், படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே, மடித்த துண்டு இருக்கும். உடனே பிரிக்காதே, முறிந்துபோகும். இரண்டு புத்தகத்துக்கு நடுவே ஒருநாள் வைத்துவிட்டு மெதுவாகப் பிரி. பூச்சி அரித்திருக்கலாம், அவள் பெயரில் ஓர் எழுத்துகூட இல்லாமல் போயிருக்கலாம். முதல் சொல்லாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல் உன்னுடையது, வாயெல்லாம் புண்ணோடு நீ வைத்த பெயர்.

துண்டைப் படத்துக்குக் கீழே வைத்துப் புதிதாக ஒரு சட்டம் போடு. வெட்டிய கோடு தெரியாதபடி ஒட்டுகிறேன் என்று கெட்டிக்காரத்தனம் காட்டாதே, கோடு தெரியட்டும். அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, போர்டு மாட்டியாகிவிட்டது, விருந்தாளிகளுக்கு என்ன சொல்வது என்று நீ பதறுவது எனக்கு இங்கே கேட்கிறது. மதாம் என்றால் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டுகிறவர்கள், ஜைத்தூன் என்றால் மாட்டமாட்டார்கள் என்று நீயும் பயப்படுகிறாய். பயப்படு. அதே பயத்தில் நான் செய்ததுதான் இது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வந்துவிடுவேன். ரிப்பனை மருமகள் வெட்டட்டும், நான் வெட்டியது போதும். படத்துக்குக் கீழே அந்தத் துண்டு இருந்தால், நீ கேட்ட ஐந்து நிமிடம் இல்லை, அவர்கள் எழுந்து போகும்வரை உன் அம்மாவைப் பற்றிப் பேசுகிறேன். இல்லையென்றால் பேச மாட்டேன். எல்லோர் முன்னாலும் படத்தை இறக்கி, அந்தப் பதினான்கு ஆணியையும் நானே கழற்றுவேன். கை நடுங்குகிறது, பத்து நிமிடத்தில் முடியாது. அவர்கள் காத்திருக்கட்டும். குறடு என் பையில் இருக்கும்.

அத்தா